வினையா, ஊசியா?

நமது ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நீரிழிவு கண்டவுடன், பந்துக்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து, "எல்லாம் பூர்வஜன்ம வினை, இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். கணையத்தில் இன்சுலின் ஊறுவது நின்றுபோனதற்குக் குழந்தை செய்த பாவம் என்ன? 1921-ல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும்வரை, இவ்வியாதி கண்ட பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் எலும்பாகி மாண்டார்கள். அன்று வேண்டுதலுக்குப் பஞ்சமா? 1922 ஜனவரியில், சாகக் கிடந்த 14 வயதுப் பையன் அந்த ஊசியால் பிழைத்தான். வினை எங்கே ஓடிற்று? நித்தம் இரவு 2 மணிக்கு எழுந்து, குழந்தையின் விரலில் இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பது நாமேயன்றி வேறெவருமல்லர். பெற்றோர்களே, ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே பிள்ளை போய்விடும். பிறகு, விதியென்று சொல்லுகிறவர்கள் பிள்ளையைத் திருப்பித் தருவார்களா?