கட்டுமானக் கல்வியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானதால் பூர்த்தியாகாமலே நின்றுபோன பத்து காஜா மாளிகையைக் காணச் செல்வோர், அதை எழுப்புவதற்காகச் சென்னை ராஜதானியிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்களையும், அவர்கள் பொருட்டு அருகே எழுந்த மாரியம்மன் ஆலயத்தையும் அவசியம் நினைவுகூர வேண்டும். கட்டுமானம் நம் சமூகத்துக்குப் புதிதன்று. வரைபடத்தை வாசித்து வேலையை நிர்வகிக்கும் ஸ்தானமே நமக்கு நெடுங்காலம் எட்டாதிருந்தது.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் மறைந்துவரும் பேராக்கில், அந்த ஸ்தானத்துக்கு வழி திறந்தே இருக்கிறது. யுனெஸ்கோவின் ஒத்தாசையுடன் 1969-இல் நாட்டின் முதல் பாலிடெக்னிக்காக ஈப்போவில் தோன்றிய உங்கு ஓமார் பாலிடெக்னிக், சிவில் பொறியியலில் டிப்ளோமா அளித்து வருகிறது.

அக்கல்வியின் அருமையைக் கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணே உணர்த்தும். கீழே குகைகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை, மேலே ஈயம் தோண்டியெடுத்தபின் எஞ்சிய மணலும் சேறும் என்று அமைந்த பூமியில், துளையிட்டு ஆராயாமல் அஸ்திவாரம் போடுவது உயிரோடு விளையாடுவதாகும். மண்ணின் தன்மையை நிர்ணயிப்பதும், வார்த்த கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் அழுத்திச் சோதிப்பதும், செலவைக் கணக்கிடுவதும் அனுபவத்தால் மட்டும் சித்திப்பவை அல்ல. அனுபவமுள்ள கொத்தனாரின் மகனோ மகளோ இவற்றையும் கற்றால் அவ்வீட்டின் ஞானம் இரட்டிப்பாகும்.

எஸ்.பி.எம். தேர்வு எழுதிய பிள்ளைகளைப் பெற்றோர் கையோடு அழைத்துச் சென்று, ஆண் பெண் பேதமின்றி, இத்துறைக்கு விண்ணப்பிக்கச் செய்யுமாறு வேண்டுகிறோம்.