'தவறி' விழுந்தவர்கள்

கிடங்கில் மூட்டை அடுக்கிலிருந்து ஒருவர் விழுந்தால், "தவறி விழுந்தார்" என்றுதான் செய்தி வரும். அந்தச் சொல்லிலேயே தவறு விழுந்தவர் மேல் ஏறிவிடுகிறது.

அறந்தாங்கியோ ஆலங்குடியோ, ரேஷன் அரிசி அடுக்கும் ஒரு கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை 50 கிலோ. அடுக்கு ஆள் உயரம் தாண்டினால் கீழே கிடக்கும் மூட்டைகளே படிக்கட்டு. பிளாஸ்டிக் சாக்கு என்றால் வழுக்கும். தலையில் சுமையோடு குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. கூலியோ மூட்டைக் கணக்கு. நிதானமாக ஏறினால் நட்டம் அவருக்கு. இதில் தவறியது யார்?

நிலமில்லாதவர் தலைக்குத்தான் மூட்டை வந்து சேர்கிறது. இந்த மாவட்டத்தில் எந்தத் தெருவுக்கு நிலமில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விழுந்த மறுநாள், "அவர் காண்ட்ராக்டர் ஆள்" என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து 1923 இழப்பீட்டுச் சட்டமே 12-ஆம் பிரிவில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: வேலை யாருடையதோ அவர் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று அவர் வேலைக்கு வந்ததற்கே தாள் இல்லையென்றால்? ஏணி கேட்போம், கட்டாயம் கேட்போம். அதற்கு முன் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறட்டும்.