பெரிய கொடுவாவை ஆற்றிலேயே விடுங்கள் தம்பிமாரே



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். தூண்டில் போடும் தம்பிமார் கட்டாயம் வாசியுங்கள், வாப்பாமாரும் வாசித்தால் நல்லது.

நம்ம காத்தான்குடி ஆத்தங்கரையில் முன்பெல்லாம் தூண்டில் என்றால் வெற்றுப் போத்தலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, கொளுக்கியில் ஒரு இறால். இப்போது பின்னேரமானால் ரொட்டும் ரீலுமாகப் பொடியன்கள் வரிசையாக நிற்கிறார்கள். கொளுக்கியில் இரை இல்லை, பிளாஸ்டிக்கில் செய்த மீன் இருக்கிறது. லூர் என்கிறார்கள். எறிந்து, இழுத்து, நிறுத்தி, திரும்ப இழுத்து, அந்தப் பொய் மீனுக்கு உயிர் இருப்பது போலக் காட்டிக் கொடுவாவை ஏமாற்றுவதுதான் வேலை. கல்லடிப் பழைய பாலத்திலும் பாலமீன்மடு முகத்துவாரத்திலும் இதே காட்சிதான்.

எனக்கு இது பிடிக்கும். நானும் எறிகிறேன். "படிப்பிக்கிற சேர் விளையாட்டு மீனோட திரியிறார்" என்று கதைப்பவர்கள் கதைக்கட்டும். என்னுடைய கவலை வேறு. இந்தப் பொடியன்கள் எந்த ஒழுங்கில் இதைக் கற்கிறார்கள் என்பதுதான். முதலில் ரீலை வாங்குகிறார்கள். அடுத்ததாகப் பெரிய மீனோடு படம் எடுத்துப் போட ஆசைப்படுகிறார்கள். எறியக் கற்பதும், மீனைப் பற்றி அறிவதும், ஆற்றைப் பற்றி அறிவதும் கடைசியில் வருகின்றன, சிலருக்கு வராமலே போகின்றன. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருடமே சொல்லித் தந்தார்கள், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து கடினத்துக்குப் போ என்று. இங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது.

முதலில் இந்த யூடியூப் கதையைப் பார்ப்போம். தம்பிமார் "பாஸ்" பிடிப்பது எப்படி என்று தேடுகிறார்கள். வருவதெல்லாம் அமெரிக்க வீடியோ. அங்கே பாஸ் என்பது ஏரியிலும் குளத்திலும் வாழும் நன்னீர் மீன். நம்ம கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள், சிங்களத்தில் மோதா. பெயரில் மட்டும்தான் உறவு, இரண்டும் வேறு வேறு குடும்பம். அமெரிக்க பாஸ் ஆழமில்லாத தண்ணீரில் கூடு தோண்டி முட்டையிடும், ஆண் மீன் அதைக் காவல் காக்கும். கொடுவா அப்படியில்லை. முட்டையிட அதற்கு உப்புத்தண்ணீர் வேண்டும், முகத்துவாரப் பக்கம் போய்த்தான் இடும். குஞ்சுகள் பிறகு வாவிக்குள்ளும் சதுப்புக்குள்ளும் ஏறி வளரும். ஆகவே அந்த வீடியோக்களில் எறிகிற முறையைப் பாருங்கள், ரீலைச் சரிசெய்கிற முறையைப் பாருங்கள். மீனைப் பற்றிச் சொல்வதை அப்படியே இங்கே கொண்டு வராதீர்கள். அதற்கு நம்ம வீச்சுவலைக் காக்காமாரிடம் போய் நில்லுங்கள். எந்தக் கண்டலடியில் எந்த மாதம் தண்ணீர் உவர்க்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது ரீல். தம்பிமார் ஆசைப்படுவது பேட்காஸ்டர் என்கிற, ரொட்டின் மேலே உட்காரும் உருளை ரீல். இது புதுச் சாமான் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கடிகாரம் செய்கிறவர்கள் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். கடிகாரக்காரன் செய்த சாமான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பொறுமை தானாக வரும். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் அசையாது, நூல் சுருள் சுருளாகக் கழன்று போகும். பேட்காஸ்டரில் ஸ்பூலே சுழலும். லூர் காற்றில் வேகம் குறையும்போது ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால், வெளியே போக இடமில்லாத நூல் உள்ளே குவிந்து குருவிக்கூடாகிவிடும். அதைப் பிரித்தெடுக்க அரை மணித்தியாலம் போகும், சில நேரம் கத்திதான் பிரிக்கும்.

இதற்கு மருந்து மூன்று. ஒன்று, பக்கத்தில் இருக்கும் சிறிய திருகு. ரொட்டை உயர்த்திப் பிடித்து லூரைத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்கி நிலத்தைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற அளவுக்கு இறுக்குங்கள். லூரை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும், பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு, பிரேக். பழகும் காலத்தில் உச்சத்தில் வையுங்கள், தூரம் போகாவிட்டால் பரவாயில்லை. மூன்றாவது உங்கள் பெருவிரல். லூர் தண்ணீரைத் தொடும் கணத்துக்குச் சற்று முன் விரல் ஸ்பூலை அழுத்த வேண்டும். முதல் இரண்டையும் கடையில் வாங்கலாம், மூன்றாவதைக் காசுக்கு வாங்க ஏலாது.

ஆற்றங்கரையில் நின்று இதைப் பழகாதீர்கள். கொளுக்கியைக் கழற்றிவிட்டு 15, 20 கிராம் எடையுள்ள ஒரு நட்டைக் கட்டி மைதானத்தில் எறியுங்கள். பழைய சைக்கிள் டயர் ஒன்றைப் போட்டு அதற்குள் விழுத்தப் பாருங்கள். முதலில் 10 மீற்றர், பிறகு 15. நீங்கள் எறியும் தூரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக நூலை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிஞ்சியிருப்பதன் மேல் ஒரு டேப் துண்டை ஒட்டிச் சுற்றுங்கள், குருவிக்கூடு அதற்குக் கீழே போகாது. இன்னொன்று, கச்சான் காற்றுக் காலத்தில் நம்ம கரையில் நின்றால் காற்று நேரே முகத்துக்கு அடிக்கும். எதிர்க்காற்றில் லூர் சட்டென்று வேகம் குறையும், ஸ்பூல் குறையாது. பழகியவர்களே அந்த நேரம் பிரேக்கைக் கூட்டுவார்கள். பின்னேரம் கடற்காற்று முதுகுப் பக்கம் வரும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

பதினாலு வயதுப் பொடியனுக்கு பேட்காஸ்டர் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்பின்னிங் ரீல் போதும், சிறிய லூருக்கு அதுவே நல்லது. ஓரளவு நல்ல பேட்காஸ்டர் என்றால் ஓர் ஆசிரியர் சம்பளத்தில் பெரிய பங்கை விழுங்கிவிடும். உம்மாவின் சீட்டுக் காசில் அதை வாங்கி மூன்றாம் நாள் மூலையில் போட்ட வீடுகள் நம்ம ஊரில் உண்டு.

பிறகு ஏன் அந்த ரீல் என்று கேட்பீர்கள். விரலால் நிறுத்துவதால் கண்டல் வேருக்கு ஒரு சாண் தள்ளி லூரை வைக்கலாம். கொடுவா அங்கேதான் கிடக்கும். பாலத்து விளக்கு வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டிலும் கிடக்கும். கவ்வியதும் வேருக்குள் ஓடும், இந்த ரீல் அதைப் பலமாக இழுத்து வெளியே எடுக்கும். அதனால் மீன் நெடுநேரம் போராடிக் களைக்காது. மெல்லிய நூலில் அரை மணித்தியாலம் ஆட்டம் காட்டிப் பிடிப்பதைச் சிலர் வீரமாகக் கதைக்கிறார்கள். அப்படிப் பிடித்த மீனை விட்டாலும் அது பிழைக்குமா என்பது சந்தேகம்தான். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும், ஆகவே பின்னல் நூலின் முனையில் 40 இறாத்தல் தலைநூல் ஒரு முழம் கட்டாயம் வேண்டும்.

விடுவது பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. சில வருடம் ஆணாக இருந்து, வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. அவுஸ்திரேலியாவில் இந்த மீனை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பொதுவாக 80 சென்றிமீற்றரைத் தாண்டும் கட்டத்தில் இந்த மாற்றம் நடக்கிறது. ஆகவே ஆற்றில் உள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே தாய் மீன்கள். ஒரு பெரிய தாய் பல மில்லியன் முட்டை இடும். அத்தனை வருடம் வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பி வந்த ஒன்று அது. படத்துக்காகத் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்கிற மீன் அதுதான். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்றிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் எடுக்க முடியாது, 120க்குக் கூடியதையும் எடுக்க முடியாது. சின்னதை விடு என்று எல்லோரும் சொல்வார்கள், பெரியதையும் விடு என்று சட்டம் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் யோசனை இலகுவானது. ரொட்டின் அடியிலிருந்து அளந்து 55 சென்றிமீற்றரில் ஒரு டேப், 80இல் ஒரு டேப் ஒட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ளது வீட்டுக்கு, மற்றது ஆற்றுக்கு. ஆணமாக்கித் தின்ன ருசியானதும் நடுத்தர மீன்தான், பெருத்ததன் சதை முரடு.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். "அல்லாஹ் தந்த ரிஸ்க்கை ஆத்துல விடுறதா சேர்?" நியாயமான கேள்வி, சிரித்துவிட்டுப் போகிற கேள்வியல்ல. நான் ஆலிம் அல்ல, மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். எனக்கு விளங்கிய அளவில் மீன் நமக்கு ஹலால், அதற்கு அறுப்பும் தேவையில்லை, தேவைக்குப் பிடித்துத் தின்பதில் ஒரு தயக்கமும் இல்லை. நம்ம மார்க்கம் வெறுப்பது உயிரை விளையாட்டுக்காக நோவிப்பதை. அதனால்தான் நாள் முழுக்கப் பிடிப்பதும் விடுவதுமாக இருபது மீனைக் கொளுக்கியில் மாட்டும் பழக்கம் எனக்கும் பிடிக்காது. வீட்டுக்கு ஒரு மீன் என்ற நிய்யத்தோடு போங்கள், கிடைத்ததும் ரொட்டைச் சுருட்டுங்கள். இடையில் தாய் மீன் வந்தால் விடுங்கள். அதன் முட்டையில் வருவதும் ரிஸ்க்தான், வேறு யாருடையவோ ரிஸ்க், ஒருவேளை உங்கள் மகனுடையது.

லூரில் இந்தத் தெரிவு இருக்கிறது. இறால் கொளுவிய தூண்டிலை மீன் விழுங்கிவிடும், கொளுக்கி வயிற்றில் ஏறிய பிறகு விட்டும் பிரயோசனமில்லை. லூர் பெரும்பாலும் வாயிலேயே மாட்டும். அதன் கொளுக்கிகளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் விரலில் ஏறினாலும் இலகுவாகக் கழரும். விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள், வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். அமெரிக்க வீடியோவில் காட்டுவது போலப் பெரிய மீனைக் கீழ்த்தாடையில் தூக்கித் தொங்கவிடாதீர்கள், அந்தப் பாரத்தில் தாடையும் உள்ளுறுப்பும் சேதமாகும். படம் வேண்டுமா? தண்ணீரில் வைத்தே எடுங்கள்.

விராலுக்கு உயிர்த்தவளையைக் கொளுவி எறிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் இருக்கிறது. ரப்பர் தவளை கடையில் விற்கிறது. விரால் அதற்கும் வரும்.

"சேர், நாங்க ஒரு தாயை விட்டா என்ன, தங்கூசி வலைக்காரன் ஆயிரத்தை அள்ளுறானே" என்றும் சொல்வார்கள். உண்மைதான். தங்கூசி வலை நாட்டில் தடை செய்யப்பட்டது, டைனமைற்றும் தடை, இரண்டும் இன்னும் ஓயவில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும், நாமும் கேட்க வேண்டும். ஆனால் கையில் மீனை வைத்துக்கொண்டு இன்னொருவனின் வலையைக் காட்டுவது வகுப்பில் பிடிபட்ட பிள்ளை பக்கத்து வாங்கைக் காட்டுவது போல. அதோடு எல்லா வலைக்காரரையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். வீச்சுவலையும் தோணியுமாகப் பிழைப்பவர்களுக்கு அந்த ஆறுதான் அடுப்பு. நமக்கு அது பொழுது. அவர்கள் வலை போட்டிருக்கும் இடத்தில் எறியாதீர்கள். லூர் வலையில் கொளுவினால் உங்கள் நூலை அறுங்கள், வலையில் கை வைக்காதீர்கள். லூர் போனால் ஒரு லூர், வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய சோறு. அறுந்த நூலைக் கரையில் எறிய வேண்டாம், கொக்கின் காலில் சுற்றும். பொக்கெற்றில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

உம்மாமாருக்கும் பதில் சொல்ல வேண்டும். "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க ஏலாத பிள்ளை ஒரு குருவிக்கூட்டை இருபது நிமிடம் குனிந்திருந்து பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன், கணக்குப் பாடத்தில் அந்தப் பொறுமையை நான் அவனிடம் கண்டதில்லை. ஆனாலும் நிபந்தனை உண்டு. தனியாகப் போகக்கூடாது. முகத்துவாரம் வெட்டி நீர் பாயும் நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். வாவியில் முதலை இருக்கிறது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவது வீரமல்ல. மீன் நன்றாகக் கவ்வுவது விடியும் நேரமும் பொழுதுபடும் நேரமும்தான், சுபஹுத் தொழுதுவிட்டுப் போனால் எல்லாம் சரியாக அமையும். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது "கடைசி ஒரு எறி" என்று நிற்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். என்னிடம் இரண்டு ரீல் இருக்கிறது, டயரும் நட்டும் இருக்கிறது. பழக விரும்பும் தம்பிமார் வாருங்கள், புதிதாக ஒன்றும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். கொளுக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.