கூலிக்கு எழுதும் கை

தபால் நிலைய வாசலில் அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். “நான் இங்கு நலம்” என்று அவர்கள் எழுதினால், அந்த ‘நான்’ எழுதுபவர் அல்லர். எதிரே குந்தியிருக்கும் தாய். அதைப் பொய் என்று எவரும் சொன்னதில்லை. பிறருக்காக, பிறர் பெயரில், கூலி பெற்று எழுதுவது பழைய தொழில், மானமுள்ள தொழில்.

அத்தொழில் இன்று கைப்பேசிக்கு வந்திருக்கிறது. நம் கல்லூரித் தோழர்கள் சிலர் துணிக்கடைக்கும் இனிப்பகத்துக்கும் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களை மாதக் கூலிக்கு நடத்துகின்றனர். கோவில்பத்தில் இரண்டு கடைகளுக்கு நானும் இவ்வேலையைச் செய்து வந்தேன். படம் எடுக்க வேண்டும். இரண்டு வரி எழுத வேண்டும். விலை கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். “எங்கள் கடையில் புதுச் சரக்கு வந்துள்ளது” என்று நான் எழுதும்போது, ‘எங்கள்’ என்ற சொல் கடைக்காரருடையது. படிப்பவருக்கும் அது தெரியும். இதில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் எங்கே தொடங்குகிறது? விற்பவரின் குரலை விட்டு, வாங்குபவரின் குரலை நாம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் தொடங்குகிறது என்பது என் துணிபு. அவ்விரு கடைக்காரர்களுள் ஒருவர் ஒருநாள், “தம்பி, கூகுள்ல நம்ம கடைக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு இருபது பாராட்டு எழுதிடுங்க. பேரை மாத்தி மாத்திப் போடுங்க” என்றார். கெட்ட மனிதர் அல்லர். எதிர்க்கடைக்காரர் அப்படிச் செய்கிறார் என்ற அச்சம். நான் மாட்டேன் என்றேன். மறுமாதம் அந்த வேலை என்னிடம் இல்லை. கடிதம் எழுதுபவர் தாய்க்காக எழுதலாம். பார்க்காததைப் பார்த்ததாக அண்டை வீட்டார் பெயரில் சாட்சிக் கடிதம் எழுதலாமா?

இது சிற்றூர்க் கடைத்தெருவின் குறும்பு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் ‘சண்டே ரைலி’ என்னும் அழகுப்பொருள் நிறுவனம், 2015 முதல் 2017 வரை, தன் ஊழியர்களைக் கொண்டே செபோரா கடையின் இணையதளத்தில் பொய்ப் பாராட்டுகளை எழுதுவித்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2019 அக்டோபரில் குற்றஞ்சாட்டியது. ஆளுக்கு மூன்று கணக்குத் தொடங்குங்கள், இடம் தெரியாதபடி மறைத்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்களுக்கு மின்னஞ்சலே போயிருந்தது! தண்டத் தொகை எதுவுமின்றி அவ்வழக்கு முடிந்தது வேறு கதை. அந்த மின்னஞ்சலைப் பெற்ற இளம் ஊழியர்களைப் பற்றியே நான் எண்ணிப் பார்க்கிறேன். பொய்யால் வந்த இலாபம் முதலாளிக்கு. பொய்யை எழுதிய கை அவர்களுடையது.

நம் நாட்டிலும் 2013 நவம்பரில் கோப்ராபோஸ்ட் என்னும் செய்தித் தளம், ஏறத்தாழ இரண்டு டஜன் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களை இரகசியமாகப் படம் பிடித்து வெளியிட்டது. பணம் கொடுத்தால் அரசியல்வாதிக்குப் பொய்யான பின்தொடர்வோரைச் சேர்த்துத் தருவோம், எதிரியின் பெயரைக் கெடுப்போம் என்று அவை பேரம் பேசியதாக அச்செய்தி கூறிற்று. கடைக்குப் பொய்ப் பாராட்டு எழுதப் பழகிய கைக்கு, ஓட்டுக்காக எழுதுவது எத்தனை தூரம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடம் தருகிறது. பொருளை உயர்த்திப் பேசுபவர், பொருளுக்கு உரியவரோடு தமக்குள்ள உறவை மறைக்கக் கூடாது என்று 2022 ஜூன் மாத விதிமுறைகள் சொல்கின்றன. 2023 ஜனவரியில் வந்த விளக்கமோ, அவ்வறிவிப்பு எளிய, தெளிவான மொழியில் இருக்க வேண்டும், ஹேஷ்டேக் குவியலில் புதைக்கக் கூடாது என்கிறது. காரைக்கால் மக்கள் படிக்கும் பக்கத்தில் எளிய மொழி தமிழ்தானே? ‘இது விளம்பரம்’ என்று இரண்டு சொல் எழுத என்ன தயக்கம்!

இந்தக் கேள்விக்கு நம் ஊருக்கு வெளியே போகவும் வேண்டியதில்லை. ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வாரி இறைக்கிறோம். வணிகனான பரமதத்தன் கேட்டது என்ன? இக்கனி எங்கிருந்து வந்தது என்பதே. புனிதவதியார் மறைக்காமல் சொன்னார். அதனால் அவருக்கு நன்மை விளைந்ததா என்றால், கணவன் அஞ்சிக் கப்பலேறிப் போய்விட்டான். உண்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

புகாரை அழிப்பது பற்றி எனக்குச் சற்றுக் குழப்பம் உண்டு. வசைச் சொல்லையும், பிறர் தொலைபேசி எண்ணையும் நீக்கலாம். “போன வாரம் வாங்கிய இனிப்பு கெட்டுப் போயிருந்தது” என்று ஒருவர் எழுதினால் அதையும் நீக்கு என்கிறார் முதலாளி. பக்கம் அவருடையதுதான், ஆயினும் நீக்கிவிட்டால், நாளை அதே இனிப்பைக் குழந்தைக்கு வாங்குபவர் எப்படி அறிவார்? பதில் எழுதுவதே சரி என்று நினைக்கிறேன். முதலாளியையே ஏமாற்றும் தோழர்களும் உண்டு. காசுக்கு வாங்கிய பத்தாயிரம் பின்தொடர்வோரைக் காட்டிக் கூலியை உயர்த்திக் கேட்கின்றனர். அவர்களுள் ஒருவரும் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கப் போவதில்லை.

“நீ மறுத்தால் இன்னொருவன் செய்வான்” என்பர். மெய்தான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எங்களைப் போன்றோருக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சிறு தொகையன்று. தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அதில் அடங்கும். ஆகவே தனி ஒருவரின் மனவுறுதியை மட்டும் நம்பியிருக்க முடியாது. இவ்வேலை செய்யும் நாம் அனைவரும் ஒரே தாளைக் கடைக்காரர் முன் வைக்கலாம். வாடிக்கையாளர் போல எழுத மாட்டோம், போட்டிக்கடையைத் தூற்ற மாட்டோம், வருவோரின் தொலைபேசி எண்களை வெளியே தர மாட்டோம் என்று அதில் இருக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் அதைப் படித்துத் திருத்தித் தந்தால் கடைத்தெருவில் அதற்கு ஒரு மதிப்பு வரும். முதல் படியை நான் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் இப்போது இருக்கும் ஒரே கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, “எதிர்க்கடைக்காரரும் கையெழுத்துப் போடுவாரா, தம்பி?” என்று கேட்டிருக்கிறார்.