அம்பாசடரா? பியட்டா?

அம்பாசடரின் பூர்வீகம் இங்கிலாந்து. பியட்டின் பூர்வீகம் இத்தாலி. இரண்டில் எது பலசாலி? புதுச்சேரியில் பழைய கார் வைத்திருந்த குடும்பங்களில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

பியட்டின் என்ஜின் 1,089 சி.சி. சிறிய உடல். புதுவை வீதிகளில் சட்டென்று திரும்பும். பின்னாளில் "பத்மினி" என்று பெயர் மாறியது.

அம்பாசடர், "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" காரின் வாரிசு. என்ஜின் 1,489 சி.சி. பெட்ரோல் செலவு அதிகம்தான். ஆனால், விழுப்புரத்தில் கல்யாணம் என்றால், பாட்டி முதல் பேரன் வரை ஒரே காரில் போய் இறங்கலாம். மேடு பள்ளத்துக்கு அஞ்சாது.

என் ஓட்டு அம்பாசடருக்கே. எத்தனை பேரைச் சுமக்கிறது என்பதுதான் குடும்பக் காரின் பலம்.

பத்மினி முதலில் நின்றது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. 1954-ல் புதுவை ஆட்சியை விட்டுப் போனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் நாட்டு பூஜோ கம்பெனி, 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

பெயருக்கே 80 கோடி! அந்தப் பெயரைக் காப்பாற்றியவர்கள், கையில் ஸ்பானருடன் காருக்கு அடியில் படுத்த நம் ஊர் மெக்கானிக்குகள்.

உங்கள் வீட்டில் பழைய கார் நிற்கிறதா? இரும்புக் கடைக்குப் போடுமுன், அவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள்!