நாற்காலி வந்தது, வாத்து வரவில்லை

பிரெஞ்சு தேசத்து மந்திரிசபைகளின் ஆயுளைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் செய்திகளைப் படிப்போர்க்குத் தலை சுற்றுவது இயல்பே. 2025-ஆம் ஆண்டு ஒக்டோபர் 5-ஆம் திகதி இரவு லெகோர்னு என்னும் பிரதமர் தம் மந்திரிமாரின் பெயர்களை வெளியிட்டார். மறுநாட் காலையில், அவர்கள் ஆசனத்தில் அமர்ந்து பழகுமுன்னரே, இராஜினாமாச் செய்தார். நான்கு நாள் கழித்து அதே மனிதர் அதே பதவிக்கு மீண்டும் நியமனம் பெற்றார்.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ‘அரசு கவிழ்ந்தது’ என்று தலைப்பிடுவது நம்மவர் வழக்கம். மாவனல்லையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கும் பத்திரிகையை அரநாயக்கத் தேநீர்க்கடையில் விரித்து வாசிக்கும் பெரியவர்க்கு, அரசு கவிழ்வதென்றால் 2022 ஜூலையில் கொழும்பில் நடந்ததே கண்முன் நிற்கும்: மாளிகைக்குள் சனத்திரள், ஆகாயத்தில் ஜனாதிபதி. பாரிஸில் அப்படியொன்றும் நிகழவில்லை. விழுந்தது மந்திரிசபை மாத்திரமே. ஜனாதிபதி மக்ரோன் இருந்த இடத்திலேயே இருந்தார். (மெக்ரோன், மேக்ரான், மக்றோன் எனப் பத்திரிகைக்குப் பத்திரிகை நாமம் வேறுபடினும் ஆள் ஒருவரே.)

அந்த விழாத நாற்காலியைச் செய்வித்தவர் ஜெனரல் டி கோல். அவருக்கு முன்னிருந்த நான்காம் குடியரசு பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட மந்திரிசபைகளைக் கண்டு களைத்திருந்தது. 1958-இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1962-இல் ஜனாதிபதியை மக்களே நேரே தெரிவு செய்வதென முடிவாயிற்று. இந்த நாற்காலியின் மீது கண் வைத்தவர் நம் நாட்டில் ஒருவர் இருந்தார். 1966 டிசெம்பரில், விஞ்ஞான அறிஞர் கூடிய சபையொன்றில், மந்திரியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா இத்தகைய ஆட்சியின் சிறப்பை எடுத்துரைத்தார். 1978-இல் அவரே அதைக் கொண்டுவந்து, அவரே அதில் அமர்ந்தார். மரம் பிரெஞ்சு மரமாயினும் தச்சு வேலை நம்முடையது. ஆதலால் மூலத்தைக் காட்டிலும் கனம் சற்று அதிகம்.

ஆயின் இறக்குமதிப் பட்டியலில் ஒரு பொருள் விடுபட்டுப் போயிற்று. அது ஒரு வாத்து.

பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பத்திரிகைக்கும் வாத்துக்கும் ஒரே சொல். 1915-இல், முதலாம் உலகப்போர்க் காலத்துத் தணிக்கைக்கு நடுவே, ‘லெ கனார் ஆன்ஷெனே’, அதாவது ‘விலங்கிட்ட வாத்து’ என்னும் நையாண்டி வார இதழ் தோன்றியது. அது விளம்பரம் வாங்குவதில்லை. வாசகர் கொடுக்கும் காசிலேயே வாழ்கிறது. டி கோலை ஓர் அரசராகவும் அவர் பரிவாரத்தை அரசவையாகவும் வைத்து, அவர் ஆண்ட காலமெல்லாம் வாரந்தோறும் எழுதியது. வாத்து என்ன சொல்கிறது என்று புதன்கிழமைதோறும் ஜெனரலே விசாரிப்பார் என்பது அங்கு வழங்கும் கதை. மத்திய ஆபிரிக்காவை ஆண்ட பொக்காஸாவிடம் ஜிஸ்கார் வைரம் பெற்றார் என்பதை 1979 ஒக்டோபரில் வெளியிட்டதும் இவ்விதழே. 1981-இல் ஜிஸ்கார் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். வாத்தும் அப்பழுக்கற்றதன்று. வேட்பாளர் ஒருவர் தம் மனைவிக்குப் பொதுப் பணத்தில் சம்பளம் கொடுத்ததாக 2017-இல் அம்பலப்படுத்திய இதழின் மீதே, 2022-இல் அவ்வகைப்பட்ட குற்றச்சாட்டு எழுந்தது.

1973-ஆம் ஆண்டை மாத்திரம் நேயர்கள் சிறிது நின்று பார்க்கவேண்டும். அவ்வாண்டு டிசெம்பரில், வாத்தின் புதிய அலுவலகத்திற்குள் இரவில் சிலர் ஒலிவாங்கிகளைப் பதித்துக்கொண்டிருக்கையில் கையும் மெய்யுமாகக் காணப்பட்டனர். தண்ணீர்க்குழாய் திருத்த வந்தோம் என்றனராம். அவர்கள் அரசாங்க உளவுத்துறையினர். நாடு நகைத்தது. அதே 1973-இல் கொழும்பில், திருமதி பண்டாரநாயக்காவின் அரசாங்கம் சட்டமொன்றை நிறைவேற்றி, லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதத்தைப் பட்டப்பகலில் எடுத்துக்கொண்டது. குழாய்க்காரர் எவரும் தேவைப்படவில்லை. தன் வீட்டுப் பேச்சை எவனாவது ஒட்டுக் கேட்பானா?

அந்நிறுவனத்தை வளர்த்தவர் டி. ஆர். விஜேவர்த்தனா, ஜே. ஆரின் தாய்மாமன். எதிர்க்கட்சியிலிருந்து அச்சட்டத்தைக் கண்டித்த கட்சி 1977-இல் ஆட்சிக்கு வந்தபோது, மாமன் சொத்து மீளும் என எதிர்பார்த்தோர் இருந்திருக்கலாம். மீளவில்லை. பின்வந்தவர்களும் கொடுத்தாரில்லை.

தாமாகவே வாத்து வளர்க்க முயன்றோர் இந்நாட்டிலும் உண்டு. ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8-ஆம் திகதி வீதியில் வைத்துக் கொல்லப்பட்டார். கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24-ஆம் திகதி காணாமற்போனார். இவ்விடத்தில் நகைச்சுவைக்கு நாம் விடுமுறை அளிக்கிறோம்.

2018-இல் நடந்ததைத் தோட்டப்புறத்தார் எளிதில் மறவார். அவ்வாண்டு ஒக்டோபர் 24-ஆம் திகதி, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் கறுப்புடை தரித்துக் காலிமுகத் திடலில் கூடினர். எந்தக் கட்சித் தலைவரும் லொறி ஏற்றி அனுப்பிய கூட்டமன்று அது. 2016 மே மாதத்தில் சாமசர மலை சரிந்து உயிர்களை விழுங்கியபோதுதான் எங்கள் அரநாயக்க முதற்பக்கத்துக்கு ஏறியது. சாகாமலே நம்மவர் முதற்பக்கம் ஏறிய நாட்களில் இஃது ஒன்று.

இரண்டே நாள். 26-ஆம் திகதி மாலை ஜனாதிபதி சிறிசேன, ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். பிரான்சில் 1986-இல் மித்தெரானும் எதிரணிச் சிராக்கும் முகம் சுளித்துக்கொண்டேனும் இரண்டாண்டு சேர்ந்து ஆண்டனர். நம்மவர்க்கு அப்பொறுமை இல்லை. அன்றிரவே அரசாங்கத் தொலைக்காட்சி நிலையத்திலும் லேக் ஹவுஸிலும் புதியவரின் ஆட்கள் புகுந்தனர். முதல்நாள் வரை ஒருவரைப் போற்றிய அரசாங்க ஏடுகள் மறுநாள் மற்றவரைப் போற்றின. டிசெம்பர் 13-இல் உயர்நீதிமன்றம் பாராளுமன்றக் கலைப்புச் செல்லாதென்றது, 16-இல் ரணில் திரும்பினார், ஏடுகளும் திரும்பின. பாவம், அச்சுக்கோப்பவர் என்ன செய்வார்!

அந்த 51 நாளும் கறுப்புடை தரித்த பிள்ளைகளின் ஆயிரம் ரூபாய் எந்தப் பக்கத்தில் இருந்ததென்று நாம் தேடியதுண்டு. சில நாள் ஏழாம் பக்கம், சில நாள் எந்தப் பக்கமும் இல்லை. அத்தொகை வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். அதை எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன.