மறைந்திருப்பது குற்றமல்ல

வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது அறமா என்று பட்டிமன்றங்களில் நாம் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வருகிறோம். அந்த வழக்கு அண்மையில் என் வீட்டுக்கே வந்துவிட்டது.

ஒன்ராறியோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் வில் வேட்டைக்குப் போகிறவன். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் மறைவுக் கூடாரம் ஒன்றை வாங்கினான். மடித்து முதுகில் சுமந்து போய், பக்கங்களை வெளியே இழுத்துவிட்டால் சில நிமிடங்களில் நிமிர்ந்து நிற்கும் துணிக் கூடாரம் அது. உள்ளே கதிரையில் அமர்ந்து சாளரத்தினூடாக அம்பெய்யலாம். முதல் நாளே வெள்ளைவால் மான் ஒன்று வந்தது. 40 மீற்றர் தூரத்தில் எய்தான். அம்பு பட்டது, மான் விழவில்லை. நள்ளிரவு வரை இரத்தச் சுவட்டைத் தொடர்ந்தும் அது கிடைக்கவில்லை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது.

இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "ஒளிந்திருந்து கொல்வது கோழைத்தனம், அந்தக் கூடாரங்களைத் தடைசெய்ய வேண்டும்" என்றார். நான் உடன்படவில்லை. வேட்டையே கூடாது என்பது வேறு வாதம், அதை மதிக்கிறேன். ஆனால் வேட்டையை ஒப்புக்கொண்டு மறைவை மட்டும் பழிப்பது தர்க்கமாகாது. எய்தவன் எதிரே நின்றானா, மறைவில் இருந்தானா என்பது மானுக்குப் பொருட்டல்ல. துடிதுடித்துச் சாகாதிருப்பதே அதற்குப் பெரிது.

1911 இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் வேட்டையைக் கற்பித்தார். அமெரிக்காவில் அக்கலை புத்துயிர் பெற்றதில் அவ்விருவருக்கும் பெரும் பங்குண்டு. இஷியின் முறையே மறைந்திருந்து, ஒலியெழுப்பி, விலங்கை அருகே வரவழைப்பதுதான்.

மறைவின் பயன் இந்த அருகாமையே. கப்பிகள் பொருத்திய இன்றைய வில்லின் அம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 85 மீற்றர் பாய்கிறது. ஒலியோ 340 மீற்றர். 40 மீற்றரைக் கடக்க அம்புக்கு ஏறத்தாழ அரைச் செக்கன் வேண்டும். நாணொலி அதற்கு வெகு முன்பே மானின் செவியை எட்டிவிடும். பாய்ந்தோடுவதற்காக மான் உடலைத் தாழ்த்தும். நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகில் தைக்கும். 18 மீற்றரில் அந்த அவகாசம் பாதிக்கும் குறைவு.

கூடாரம் விற்பவர்கள் இதை உரத்துச் சொல்வதில்லை. நிறுத்திய அன்றே வேட்டையாடலாம் என்ற மயக்கத்தையே விற்கிறார்கள். வான்கோழி பெரும்பாலும் பொருட்படுத்தாது. மான் அப்படியல்ல, புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே, சில வாரங்களுக்கு முன்பே கூடாரத்தை நட்டு, அவ்விடத்துக் கிளைகளால் மூடவேண்டும். உட்புறம் கறுப்பாயிருக்க வேண்டும்; அணியும் உடையும் அவ்வாறே. பின்புறச் சாளரங்களைத் திறந்தால் நிழலுருவம் காட்டிக்கொடுத்துவிடும். துணி மனித வாடையை முற்றாக அடக்காது. காற்றின் திசையை அறியாமல் அமர்வது வீண். வாங்குமுன் உள்ளே அமர்ந்து வில்லை முழுதாக இழுத்துப் பார்க்கவேண்டும். சாளர வலையினூடாக எய்வதாயின் நிலையான அலகுள்ள அம்புமுனையே தகும். விரியும் அலகு வலையில் பட்டுத் திறந்து அம்பைத் திசைதிருப்பிவிடலாம். துவக்கு வேட்டைக் காலமாயின் கூடாரத்தின் வெளியே செம்மஞ்சள் துணி கட்டவேண்டும். மானுக்கு மறைந்திருப்பவன் மற்றொரு வேட்டைக்காரனின் குண்டுக்கும் மறைந்திருக்கிறான் அல்லவா?

இவற்றில் எதையும் பணம் கொடுத்து வாங்க முடியாது. பொறுமையால் மட்டுமே முடியும்.

இவ்வாண்டு என் மருமகன் 18 மீற்றரில் ஒரு கல்லை எல்லையாக வைத்தான். கல்லுக்கு அப்பால் மான்கள் வந்து போயின. வெறுங்கையுடன் வீடு திரும்பினான். அவனை நான் பாராட்டினேன்.

மறைந்திருங்கள், அது குற்றமல்ல. ஆனால் அருகே வரும்வரை காத்திருங்கள். காத்திருக்க இயலாதவர்கள் வில்லைத் தொடாதிருப்பதே நன்று.